25 ரூபாய்ப் பங்கு
(கப்பலோட்டிய சிதம்பரனார் வரலாறு)

மாந்தர் தேடித் திரட்டி மகிழும் பொருள்கள் பல. அஞ்சல் தலைகளைத் திரட்டுவோர் உளர். பண்டைக் காசுகளைத் திரட்டுவோர் உளர். நம் காலனிச் சிறுவர்கள் தீப்பெட்டிப் படங்களைக்கூட விடுவதில்லை. இவற்றைப் போலவே, பழைய கம்பெனிகளின் பங்குப் பத்திரங்களைத் திரட்டும் வழக்கமும் மேலை நாடுகளில் 1970ஆம் ஆண்டுகள் தொட்டு நன்கு பரவியுள்ளது. செத்துப்போன கம்பெனியின் தாளுக்கு என்ன மதிப்பு என்று நாம் வினவலாம். அத்தாளைக் கொண்டுபோனால் எந்த வங்கியும் ஒரு காசு தராது. ஆயினும், அதில் காணும் கையொப்பம் எவருடையது, முத்திரை எத்தகையது, வரிசை எண் யாது, பின்புறத்தில் எவரெவர் பெயருக்கு அது மாறிச் சென்றது என்பவற்றை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்துப் பெரும்பொருள் கொடுத்து வாங்குவோர் இருக்கின்றனர். பதிவேடும் பேரேடுமாகவே நாளைக் கழிக்கும் நம்மைப் போன்ற குமாஸ்தாக்களுக்கு இவ்வார்வத்தின் பொருள் எளிதில் விளங்கும். எழுதப்பட்ட ஒவ்வொரு வரிக்குப் பின்னும் ஓர் ஆள் நிற்கின்றான் என்பதை நாம் அறிவோம்.

இப்பத்திரங்களுள் மிகவும் அரியவை, கடல் கடந்து வாணிகம் செய்த ஆதிக் கம்பெனிகளின் தாள்கள். ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனி 1600ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் அரசியின் பட்டயம் பெற்றது. ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கம்பெனி 1602ஆம் ஆண்டு மார்ச்சு 20ஆம் நாள் தோன்றியது. பொதுமக்கள் எவரும் பணம் போட்டுப் பங்காளியாகலாம் என்று ஒல்லாந்தர் வாயிலைத் திறந்துவிட்டனர். பெருவணிகர் மட்டுமல்லர், ஆம்ஸ்டர்டாமில் கம்பெனித் தலைவர் ஒருவருடைய வீட்டில் கணக்கெழுதியவரும், அதே வீட்டில் பணி செய்த வேலைக்காரப் பெண்ணும்கூடத் தத்தம் பெயரைப் பதிந்துகொண்டனர். அவ்வேலைக்காரி போட்ட பணம் 100 கில்டர். அக்காலத்தில் இன்றுள்ளது போன்ற அச்சடித்த பங்குப் பத்திரம் இல்லை. கம்பெனியின் பேரேட்டில் பெயர் ஏறும், பணம் கட்டியதற்கு ஒரு ரசீது கிடைக்கும், அவ்வளவே. அத்தகைய ரசீது ஒன்று, 1606ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள் என்கைசன் என்னும் துறைமுக ஊரில் எழுதப்பட்டது, 2010ஆம் ஆண்டு ஹோர்ன் நகரத்து ஆவணக் காப்பகத்தில் ஒரு மாணவரின் கையில் அகப்பட்டது. நகரத் தலைவர்களிடம் ஏவற்பணி செய்த ஒருவர் 150 கில்டர் போட்டு வாங்கிய பங்கு அது. உலகில் இன்றுவரை கிடைத்துள்ள பங்குத் தாள்களுள் அதுவே மிகப் பழையது என்பர்.

ஒல்லாந்தக் கம்பெனியின் பெயரைச் சுருக்கி வி, ஓ, சி என்ற மூன்று எழுத்துக்களைப் பின்னி ஒரு சின்னமாக்கிக் காசுகளிலும் பீரங்கிகளிலும் பொறித்தனர். அக்கம்பெனி 1658ஆம் ஆண்டில் போர்த்துக்கேசியரிடமிருந்து நம் தூத்துக்குடியைக் கைப்பற்றியது. முத்திலும் சங்கிலும் துணியிலும் பொருள் ஈட்டியது. கம்பெனி 1799ஆம் ஆண்டின் இறுதியில் கலைந்தது. 1825இல் ஊர் ஆங்கிலேயர் கைக்கு முற்றிலும் மாறியது. அதன்பின் ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் சென்று, அதே தூத்துக்குடியில், அதே மூன்று எழுத்துக்களைத் தம் பெயரின் முன் எழுத்துக்களாகக் கொண்ட ஒரு தமிழர் எழுந்து, தாமும் ஒரு கடல் கம்பெனியை நிறுவிப் பங்குப் பத்திரம் வழங்கினார். எழுத்து ஒத்தது தற்செயல். நோக்கமோ முற்றிலும் வேறு. அந்தக் கம்பெனி பிறர் நாட்டுச் செல்வத்தைத் தன் நாட்டுக்குக் கொண்டு செல்ல வந்தது; இந்தக் கம்பெனி தன் நாட்டுச் செல்வத்தைத் தன் நாட்டிலேயே நிறுத்தப் பிறந்தது. அத்தமிழரே வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்கள். அன்னார் வரலாற்றை அப்பங்குத் தாளின் வழியே நின்று நோக்குவதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

இளமையும் தொழிலும்

திருநெல்வேலிச் சீமையில், கட்டபொம்மன் பெயரோடு சேர்த்து நினைக்கப்படும் ஒட்டப்பிடாரத்தில், 1872ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் சிதம்பரனார் பிறந்தார். தந்தையார் உலகநாத பிள்ளை, வழக்கறிஞர். தாயார் பரமாயி அம்மை. பள்ளிப் படிப்பு ஒட்டப்பிடாரத்திலும் தூத்துக்குடியிலும் நடந்தது. படிப்பு முடிந்ததும் தாலுக்கா அலுவலகத்தில் சிலகாலம் குமாஸ்தாவாக அமர்ந்தார். பிற்காலத்தில் இரு கப்பல்களைக் கடலில் விட்ட கை, தொடக்கத்தில் நம்மைப் போலக் காகிதக் கட்டுகளை அவிழ்த்துக் கட்டிய கைதான் என்று எண்ணும்போது நமக்கு ஒருவகை உறவு தோன்றத்தான் செய்கிறது. தந்தையார் அவரைத் திருச்சிராப்பள்ளிக்கு அனுப்பிச் சட்டம் பயிலச் செய்தார். 1894இல் தேர்வில் வென்று, 1895 முதல் ஒட்டப்பிடாரத்தில் வக்கீல் தொழில் நடத்தினார். ஏழைகளின் வழக்குகளைப் பணம் பாராது ஏற்றார் என்பதும், போலீசார் தொடுத்த வழக்குகளில் எதிர்த்து நின்று வென்றார் என்பதும் அவர் வரலாற்றை எழுதியோர் அனைவரும் கூறும் செய்தி. பின்னர்த் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார்.

சென்னைக்குச் சென்றிருந்தபோது இராமகிருஷ்ண மடத்து இராமகிருஷ்ணானந்த அடிகளைக் கண்டார். நாட்டிற்கு உழைக்க வேண்டும் என்ற வித்து அங்கே விழுந்தது என்பர். பாரதியாரின் நட்பும் கிடைத்தது. 1905இல் வங்காளம் பிளவுண்டபோது சுதேசியம் என்னும் கிளர்ச்சி நாடெங்கும் எழுந்தது. அந்நியத் துணியை விடுப்பது, உள்நாட்டுப் பொருளை வாங்குவது என்ற அளவில் பலர் நின்றனர். பிள்ளையவர்கள் நெசவுச்சாலை, பண்டகசாலை என்று தொடங்கினாரெனினும் அவற்றோடு நிற்கவில்லை. துறைமுகத்தில் வாழ்பவர் ஆதலின் அவர் கண் கடலின்மேல் சென்றது.

கடல் வழியும் கட்டணமும்

அக்காலத்துப் போக்குவரவை நாம் சிறிது மனத்தில் கொள்ளுதல் வேண்டும். தென்னிந்திய இரயில்வேயின் இருப்புப்பாதை 1876இல் தூத்துக்குடியை அடைந்தது. சென்னையிலிருந்து இலங்கைக்குச் செல்வோர் இரயிலேறித் தூத்துக்குடியில் இறங்கி, அங்கிருந்து கப்பலில் கொழும்பு சேர்வர். பாம்பன் பாலம் 1914இல் திறக்கப்பட்டுத் தனுஷ்கோடி வழி ஏற்படும் வரையில் இதுவே இராஜபாட்டை. தேயிலைத் தோட்டத்துக்குப் பிழைக்கச் சென்ற கூலிமக்கள் பலரும், கொழும்பில் கடை வைத்த வணிகர்களும், அரிசி மூட்டைகளும், கருவாடும், துணிச் சிப்பங்களும் இவ்வழியே சென்றன. இரயிலை விட்டு இறங்கியவர் ஏறுதற்கு இருந்த கப்பல் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியின் கப்பல். அக்கம்பெனி வைத்ததே கட்டணம், காட்டியதே மரியாதை.

இவ்வழியில் நம்மவர் கப்பலே ஓட வேண்டும் என்று பிள்ளையவர்கள் துணிந்தார். 1906ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி சட்டப்படி பதிவு செய்யப்பெற்றது. மூலதனம் 10 இலட்சம் ரூபாய், பங்குகள் 40,000, பங்கு ஒன்றின் விலை 25 ரூபாய். இந்தியரும் இலங்கையரும் ஏனைய ஆசியக் கண்டத்தாரும் மட்டுமே பங்கு வாங்கலாம் என்பது விதி. மதுரைத் தமிழ்ச் சங்கத்தை 1901இல் நிறுவிய பாலவனத்தம் சமீன்தார் பாண்டித்துரைத் தேவர் கம்பெனியின் தலைவராக அமர்ந்தார். தமிழ் வளர்த்த கையே கப்பலையும் தாங்க முன்வந்தது, தமிழ்ச் சங்கம் நடத்தும் நாம் மறக்கவொண்ணாத செய்தியாகும். ஹாஜி முகம்மது பக்கீர் சேட் என்னும் இசுலாமியப் பெருமகனார் 8,000 பங்குகளுக்கு 2 இலட்சம் ரூபாய் ஈந்தார். மொத்த மூலதனத்தில் ஐந்தில் ஒரு பகுதி இது. பதவிப் பெயர்கள் எவரெவருக்கு வாய்த்திருப்பினும், ஊர் ஊராகச் சென்று பங்கு சேர்த்தவரும், இரவு பகல் பாராது கம்பெனியைச் சுமந்தவரும் பிள்ளையவர்களே.

பங்கின் விலையை 25 ரூபாயாக வைத்ததில் ஆழ்ந்த கருத்து உண்டு. 100 ரூபாய் என்றால் செல்வர் மட்டுமே வாங்குவர். 5 ரூபாய் என்றால் பங்காளிகளின் கணக்கை எழுதவே தனி அலுவலகம் வேண்டும். 25 ரூபாய் அக்காலத்து நடுத்தரக் குடும்பத்துக்குச் சிறு தொகையன்று. ஆயினும் ஒரு நகையைக் குறைத்தோ ஒரு கோட்டை நெல்லை விற்றோ கொடுக்கத் தக்கது. எனவே பங்கு வாங்கியவர், செல்வத்தின் மிகுதியிலிருந்து எறிந்தவர் அல்லர். தம் தேவையிலிருந்து எடுத்துத் தந்தவர். ஆம்ஸ்டர்டாமில் அந்த வேலைக்காரி போட்ட 100 கில்டருக்கு மிளகும் சாதிபத்திரியும் ஈவாக வரும் என்ற நம்பிக்கை இருந்தது. தூத்துக்குடியில் பணம் போட்டவருக்கு இலாபத்தோடு வேறொன்றும் வேண்டியிருந்தது. தன் ஊர்க் கப்பலில் தான் தலைநிமிர்ந்து ஏற வேண்டும் என்பதே அது.

கப்பல் வந்த வரலாறு

கம்பெனி பதிவாயிற்று, கப்பல் இல்லை. பம்பாயிலுள்ள ஷா லைன் கம்பெனியிடம் வாடகைக்குக் கப்பல் எடுத்து ஓட்டத் தொடங்கினர். வெள்ளையர் கம்பெனியின் நெருக்குதலால் அவர்கள் தம் கப்பல்களைத் திருப்பிக்கொண்டனர். பங்காளிகள் திகைத்தனர். பிள்ளையவர்கள் இலங்கைக்குச் சென்று ஒரு கப்பலை வாடகைக்குப் பேசி வந்து பணி நின்றுபோகாமல் காத்தார். சொந்தக் கப்பல் இல்லாத கம்பெனி பிறர் தயவில் நிற்கும் கம்பெனி என்பதை அந்நிகழ்ச்சி அவருக்கு நன்கு உணர்த்தியது. பம்பாய்க்குப் புறப்பட்டார். கப்பலோடு திரும்புவேன், இல்லையேல் கடலில் வீழ்ந்து மாய்வேன் என்று சூளுரைத்துச் சென்றார் என்பர். திலகர் பெருமான் துணை நின்றார். எஸ். எஸ். காலியா என்னும் கப்பல் வாங்கப்பெற்றது. அதனைத் தொடர்ந்து எஸ். எஸ். லாவோ வந்தது. 1907இல் இவ்விரு கப்பல்களும் தூத்துக்குடித் துறையில் நின்றன. ஒவ்வொன்றிலும் மேல் வகுப்பினர் நீங்கலாக 1,300 பயணிகள் ஏறலாம். 4,000 மூட்டைகள் ஏற்றலாம். ஊர் திரண்டு கடற்கரைக்கு வந்து கண்டது. பாரதியாரின் இந்தியா பத்திரிகை அச்செய்தியைப் படத்தோடு கொண்டாடியது.

பின்னர்த் தொடங்கியது கட்டணப் போர். வெள்ளையர் கம்பெனி தன் கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணாவாகக் குறைத்தது. எதிரிக் கம்பெனியோ, இலவசமாகவே ஏற்றிக்கொள்வோம், ஏறுவோர்க்குக் குடையும் தருவோம் என்ற அளவிற்கு இறங்கியதாகச் சொல்லுவர். இப்போரின் கணக்கை நாம் ஆய்ந்து பார்க்க வேண்டும். உலகெங்கும் கப்பல் விட்டிருந்த கம்பெனிக்குத் தூத்துக்குடி வழியில் நேரும் நட்டம் பெருங்கடலில் ஒரு குடம் நீர். பிற வழிகளின் வருவாயைக் கொண்டு இதனை எத்தனை ஆண்டும் தாங்கலாம். சுதேசிக் கம்பெனிக்கு இவ்வழி ஒன்றே வழி. கரி வாங்கவும், மாலுமிகளுக்குச் சம்பளம் கொடுக்கவும், கப்பலைப் பழுது பார்க்கவும் எட்டணாக்களைச் சேர்த்தே ஆக வேண்டும். எனினும் இலவசக் கப்பலை விட்டுக் காசு கொடுத்துச் சுதேசிக் கப்பலில் ஏறியவர் இருந்தனர். பங்குப் பத்திரம் வாங்க வகையற்ற ஏழையும் எட்டணாச் சீட்டினால் ஒருவகையில் அக்கம்பெனியின் பங்காளியானான் என்று நாம் கூறுவது மிகையாகாது.

அரசியலும் அறமும்

இவ்விடத்தில் நாம் நடுநிலையோடு எண்ண வேண்டிய ஒன்று உண்டு. பிள்ளையவர்கள் கம்பெனியோடு நில்லாமல் மேடையேறி நாட்டு விடுதலை பேசினார். 1908 பிப்ரவரி 27ஆம் நாள் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கினர். குறைந்த கூலி, ஓய்வு நாளின்மை ஆகியவற்றால் நைந்திருந்த அம்மக்களுக்குப் பிள்ளையவர்களும் சுப்பிரமணிய சிவாவும் துணை நின்றனர். ஒன்பது நாளில் ஆலையினர் இறங்கி வந்தனர், கூலி உயர்ந்தது, வார விடுமுறை கிடைத்தது. இந்நாட்டுத் தொழிலாளர் இயக்க வரலாற்றில் இது முற்பட்ட வெற்றிகளுள் ஒன்று. அரசினரின் சினமும் அதனால் முற்றியது.

கம்பெனி நிர்வாகிகளுள் சிலர், பிள்ளையவர்கள் அரசியலை விட்டு வணிகத்தை மட்டும் கவனிக்க வேண்டும் என்று கருதினர். அவர்கள் அஞ்சியதை நாம் எளிதில் பழித்தல் ஆகாது. பங்காளிகளின் பணம் பொதுப்பணம். அரசைப் பகைத்த கம்பெனி துறைமுகத்தில் எவ்வாறு தொழில் நடத்தும் என்ற கேள்வி நியாயமானதே. பிள்ளையவர்களின் கணக்கோ வேறு. நாடு அடிமையாக இருக்கும்வரை கப்பல் மட்டும் உரிமையோடு ஓடாது. அரசின் கை ஓங்கியிருக்கும் இடத்தில் நம் கம்பெனி வெறும் கருணையில்தான் வாழும் என்று அவர் கண்டார். வாணிகத்தைக் காக்க அரசியலை விடுவதா, அரசியலை விட்டால் வாணிகம் தான் நிலைக்குமா என்ற அவ்விக்கட்டுக்கு எளிய விடை இல்லை. தம் தலையைத் தந்து ஒரு விடையை அவர் எழுதினார்.

1908 மார்ச்சு 12ஆம் நாள் திருநெல்வேலியில் கைது செய்யப்பெற்றார். மறுநாள் ஊர் கொதித்தெழுந்தது, கடைகள் அடைபட்டன, துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். சூலை 7ஆம் நாள் செஷன்ஸ் நீதிபதி பின்ஹே தீர்ப்பளித்தார். அரசுக்கு எதிராகப் பேசியதற்கு 20 ஆண்டு. சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு 20 ஆண்டு. ஒன்றன்பின் ஒன்றாக 40 ஆண்டு நாடு கடத்தல். சிவாவுக்குப் பத்தாண்டு. அப்போது பிள்ளையவர்களின் வயது 35. தீர்ப்பைக் கேட்ட தம்பியார் மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்குச் சித்தம் கலங்கிவிட்டது. இறுதிவரை அது தெளியவில்லை. மேல்முறையீடுகளால் தண்டனை குறைந்ததெனினும், நான்கரை ஆண்டுகளுக்கு மேல் சிறைக்கோட்டம் அவரைப் பற்றியிருந்தது.

கோவைச் சிறையில் அவரைச் செக்கிழுக்க விட்டனர். வழக்குமன்றத்தில் கறுப்பு அங்கி அணிந்து நின்ற உடல், மாடு சுற்றும் வட்டத்தில் வெயிலில் சுற்றியது. அச்செக்கு அந்நகரில் நினைவுச் சின்னமாகப் போற்றப்படுகிறது. பின்னர்க் கண்ணனூர்ச் சிறைக்கு மாற்றினர். அத்துன்பத்தின் இடையிலும் அவர் எழுதுகோலை விடவில்லை. ஜேம்ஸ் ஆலன் நூலைத் தமிழாக்கி மனம் போல வாழ்வு என்று பெயரிட்டார். தம் வரலாற்றைச் செய்யுளில் யாத்தார்.

கம்பெனி வீழ்ந்தது

தலைவனில்லாப் படைபோலக் கம்பெனி தளர்ந்தது. 1911இல் அது கலைக்கப்பட்டது. காலியா என்னும் கப்பல் எந்த வெள்ளையர் கம்பெனியை எதிர்த்து வாங்கப்பெற்றதோ அந்தக் கம்பெனிக்கே விலைபோயிற்று. சிறையிலிருந்த பிள்ளையவர்களை 40 ஆண்டுத் தண்டனையைவிட இச்செய்தியே அதிகம் வருத்தியது என்பதில் ஐயமில்லை. பிறர் அவருடைய கப்பல் போயிற்று என்றனர். அவரோ பங்காளிகளின் நம்பிக்கை போயிற்றே என்று நைந்தார். அதே ஆண்டு சூன் 17ஆம் நாள் மணியாச்சி நிலையத்தில் கலெக்டர் ஆஷ் சுடப்பட்டதும், சுட்ட வாஞ்சிநாதன் தன்னையும் மாய்த்துக்கொண்டதும் தூத்துக்குடி நிகழ்ச்சிகளின் தொடர்ச்சியே. சுதேசிக் கம்பெனியை ஒடுக்கியதில் ஆஷுக்குப் பங்குண்டு என்று அக்காலத்து இளைஞர் கருதினர்.

இந்நிலையில் அந்த 25 ரூபாய்த் தாள் என்ன ஆயிற்று? கப்பல் விற்ற பணம் கடன்களுக்கே போதாத கம்பெனியில் சிறுபங்காளிக்கு என்ன மிஞ்சும்? எத்தனையோ வீடுகளில் அத்தாள் அரிசிப் பானைக்கு அடியிலும் மரப்பெட்டிக்குள்ளும் மடிந்து கிடந்திருக்கும். செக்கிழுத்தவரின் தியாகத்தை நாடு அறிந்தது. அவரை நம்பித் தாலிக்கொடியில் ஒரு குண்டுமணியைக் குறைத்துப் பங்கு வாங்கிய அம்மையின் தியாகத்தை எவர் அறிந்தார்? வீழ்ந்த கம்பெனியின் நட்டத்தைப் பெயரற்ற அப்பங்காளிகளே தாங்கினர். சிதம்பரனார் பெயர் ஒலிக்கும் இடமெல்லாம் அவர்களும் நினைக்கப்பட வேண்டியவர்கள்.

விடுதலைக்குப் பின்

1912 டிசம்பரில் பிள்ளையவர்கள் விடுதலையானார். பெருங்கூட்டம் எதுவும் வாயிலில் காத்திருக்கவில்லை. தொழுநோய் பற்றிய உருவத்தோடு சுப்பிரமணிய சிவா நின்றார் என்றும், முதலில் அவரை அடையாளம் காண இயலவில்லை என்றும் சொல்லுவர். வக்கீல் உரிமை பறிபோயிருந்தது. தூத்துக்குடியை விட்டுச் சென்னையில் குடியேறிச் சிறு வாணிகம் செய்து குடும்பத்தைத் தாங்கினார். ஆயிரக்கணக்கானோர்க்குச் சோறிட்டவர் தம் வீட்டு அடுப்புக்கு வழி தேடினார்.

அந்நாளில் நடந்த ஒரு செய்தி, ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நமக்குப் பெரிதும் உரியது. தென்னாப்பிரிக்காவில் குடியேறியிருந்த தமிழ் மக்கள், பிள்ளையவர்களின் துன்பத்தைக் கேள்வியுற்றுத் தம் உழைப்பில் சிறிது சேர்த்துக் காந்தியடிகளிடம் ஒப்படைத்திருந்தனர். அடிகள் இந்தியா திரும்பிய 1915இல் அப்பணம் குறித்து இருவருக்கும் இடையே கடிதங்கள் சென்றன. பெருந்தேவையில் இருந்தபோதும் பிள்ளையவர்கள் கண்ணியம் தவறாமல் எழுதினார். 1916இல் 347 ரூபாய் 12 அணா வந்து சேர்ந்தது. தோட்டத்திலும் சுரங்கத்திலும் உழைத்த தமிழர், தாம் பார்த்திராத ஒரு தலைவருக்குக் கடல் கடந்து அனுப்பிய ஈவு இது. கலைந்துபோன கம்பெனி தன் பங்காளிகளுக்கு ஈவு தர இயலவில்லை; தமிழர் நெஞ்சமோ அக்கம்பெனியின் தலைவருக்கு ஈவு தந்தது.

பின்னர்க் கோவையில் வங்கியொன்றில் பணி செய்தார். வாலஸ் என்னும் ஆங்கில நீதிபதியின் நல்லெண்ணத்தால் வக்கீல் உரிமை மீண்டது. நன்றி மறவாத பிள்ளையவர்கள் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். ஆங்கில ஆட்சியை எதிர்த்தவர் ஆங்கிலேயர் ஒருவரின் நற்குணத்தைப் போற்றத் தயங்கவில்லை. பகை ஆட்சியோடு, மனிதனோடு அன்று. கோவில்பட்டியில் தொழில் நடத்தி, 1927இல் சேலத்தில் கூடிய அரசியல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கி, 1932இல் தூத்துக்குடிக்கே திரும்பினார்.

தமிழுக்கு அவர் ஆற்றிய தொண்டும் சிறிதன்று. மெய்யறம், மெய்யறிவு என்னும் நூல்களை இயற்றினார். தொல்காப்பியத்து இளம்பூரணர் உரையைப் பதிப்பித்தார். திருக்குறள் அறத்துப்பாலுக்கு உரை கண்டார். 1936ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் நாள் தூத்துக்குடியில் அவ்வுயிர் பிரிந்தது. இறுதியாக எழுதிவைத்த உயிலில், தாம் கடைகளுக்குக் கொடுக்க வேண்டிய சிறுசிறு கடன்களையும் பட்டியலிட்டுத் தீர்க்கச் சொல்லியிருந்தார். 10 இலட்சம் ரூபாய்க் கம்பெனியைக் கையாண்டவர் மிச்சம் வைத்தது கடன் பட்டியல். பிறர் பணத்தில் ஒரு காசும் அவர் கையில் ஒட்டவில்லை என்பதற்கு அப்பட்டியலினும் சிறந்த சான்று நாம் அறியோம். கணக்கெழுதும் தொழிலினராகிய நாம் அப்பட்டியலைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்.

பெருமை பின்னரே வந்தது. ம. பொ. சிவஞானம் அவர்கள் எழுதிய வரலாற்று நூல் கப்பலோட்டிய தமிழன் என்ற பெயரை நிலைநாட்டியது. 1961இல் அப்பெயரிலேயே திரைப்படம் வந்தது. 1972இல் நூற்றாண்டு நினைவாக அஞ்சல் தலை வெளியாயிற்று. 2011இல் தூத்துக்குடித் துறைமுகம் வ. உ. சிதம்பரனார் துறைமுகம் என்று பெயர் பெற்றது. தம் இரு கப்பல்களை இழந்த கடலில் இன்று அவர் பெயரைக் கேட்டே எந்நாட்டுக் கப்பலும் நங்கூரம் இடுகிறது.

நாம் செய்யத் தக்கது

மேலை நாட்டார் 1606ஆம் ஆண்டு ரசீதைக் கண்ணாடிப் பேழையில் வைத்துப் போற்றுகின்றனர். அக்கம்பெனி அவர்கள் நாட்டைச் செல்வத்தில் உயர்த்தியது. கடலுக்கப்பால் பலரை அடிமை கொண்டது. நம் சுதேசிக் கம்பெனி எவரையும் அடிமை கொள்ளவில்லை. எவர் பொருளையும் கவரவில்லை. ஐந்தாண்டு வாழ்ந்து நட்டத்தில் முடிந்தது. ஆயினும், அதன் பங்குத் தாள் ஒன்று நம் கையில் கிடைக்குமாயின், ஒல்லாந்தர் தாளினும் அதனை மேலாக மதிக்க நமக்கு உரிமையுண்டு.

அன்பர்கள் ஒன்றைச் செய்யலாம். நம்முள் பலர் திருநெல்வேலி, இராமநாதபுரம், மதுரைச் சீமைகளிலிருந்து வந்தவர்கள். பாட்டனார் காலத்துப் பெட்டிகள் ஊர் வீடுகளில் உண்டு. சில, பணி மாற்றந்தோறும் நம்மோடு இரயிலேறி இந்தக் குவார்ட்டர்ஸ் வரையிலும் வந்துள்ளன. ஓய்வு பெற்று வீட்டைக் காலி செய்யும்போது பழைய தாள்கள் எடைக்குப் போவது வழக்கமாயிருக்கிறது. போடும் முன் ஒருமுறை பிரித்துப் பார்த்தல் நன்று. பத்திரம், பயணச்சீட்டு, சங்க ரசீது, கடிதம் எதுவாயினும் ஆண்டும் பெயரும் உள்ளதைத் தனியே எடுத்து வையுங்கள். தாளை மடிக்காது, பசை ஒட்டாது, கம்பி குத்தாது, உறையிலிட்டு ஈரமும் பூச்சியும் அணுகாத இடத்தில் வைத்தால் போதும். அதன் விலை என்னவென்று வினவுவதற்கு முன், அதில் எழுதியுள்ள பெயர் எவருடையது என்று வீட்டு முதியோரை வினவி, அவர் சொல்வதைப் பின்புறத்தில் எழுதாது தனித்தாளில் குறித்து உடன் வையுங்கள். முதியோர் மறைந்தபின் தாள் இருக்கும், பொருள் இராது.

சிதம்பரனார் வாழ்வு நமக்குக் கற்பிப்பது வெற்றியின் பாடம் அன்று. வெற்றி பெறுமா என்று அறியாத ஒரு நற்செயலுக்கு எளிய மனிதரும் தம் 25 ரூபாயைத் தரலாம் என்பதே அப்பாடம். நம் சங்கமும் அத்தகைய சிறுபங்குகளால் நிற்பதே. மாதச் சந்தா தரும் ஒவ்வொரு குடும்பமும் ஒரு பங்காளி. பிள்ளைகள் தமிழ் எழுத்தைக் கற்பதும், பொங்கலன்று ஒரு பந்தியில் அமர்வதும், துன்பத்தில் ஒருவர்க்கொருவர் கைகொடுப்பதுமே நாம் பெறும் ஈவு. அவ்வீவு ஆண்டுதோறும் குறையாமல் வளர்க. சிதம்பரனார் புகழும், அவரை நம்பிப் பங்கு வாங்கிய பெயர் அறியாப் பெருமக்கள் புகழும் வாழ்க!